பரீனாவுக்காக நான் செய்த ஜெபம்

போன மாதம் இரத்தம் சோதிக்கப் போயிருந்தேன். கண்டியில் இப்போது சந்திக்குச் சந்தி ஆய்வுகூடம்தான். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், வாசலிலேயே இலக்கச் சீட்டு. என்னை உட்காரவைத்த பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ரப்பர் பட்டியைக் கையில் கட்டிக்கொண்டே, "முழுப் பேரச் சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள். சொன்னேன். ஊசியைக் கையில் எடுத்த பிறகு இன்னொரு முறை கேட்டாள். இரத்தம் எடுத்து முடித்ததும், கோடுகோடாக அச்சடித்த சீட்டைக் குழாயில் ஒட்டி என் கண்ணுக்கு நேரே பிடித்து, "இது உங்க பேர்தானே, வாசிச்சுப் பாருங்க" என்றாள். வாசிக்க முடியவில்லை. அவள் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்தபோதே என் உள்ளங்கை இரண்டும் ஈரமாகிவிட்டன. கண் முன்னால் எழுத்துகள் ஆடின.

"பயப்படாதீங்க ஆன்ட்டி, முடிஞ்சிருச்சு. எறும்பு கடிச்ச மாதிரிதானே?"

சிரித்து வைத்தேன். ஊசிக்குப் பயந்தவள் என்றே நினைத்துக்கொள்ளட்டும். ஒரு காலத்தில் நாள் முழுக்க அடுத்தவர் கையில் ஊசி குத்தியவள் நான் என்று சொன்னால் நம்புவாளா? நம்பினால், ஏன் விட்டீர்கள் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கும் நேரம் போதாது. உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு அவசரம் இல்லைதானே.

நான் வேலை செய்த இடத்தில் இலக்கச் சீட்டும் இல்லை, குளிரூட்டியும் இல்லை. சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடிக் கட்டடம். கீழே புடவைக்கடை, மேலே எங்கள் மூன்று அறைகள். ஸ்பிரிட் வாசமும், உறைந்த இரத்தத்தின் இரும்பு வாசமும், கீழே இருந்து ஏறிவரும் புதுத்துணி வாசமும் ஒன்றாகக் கலந்திருக்கும். நத்தார் பண்டிகைக்குச் சேலை எடுக்கப் போனால் இன்றைக்கும் துணி வாசத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கடைக்காரர்கள் நான் விலை கேட்டுத்தான் முகம் சுளிக்கிறேன் என்று நினைப்பார்கள்.

நடத்தியவர் யாழ்ப்பாணத்து டொக்டர். அவருக்குக் கீழே நானும் பரீனாவும். பரீனா கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். காலையில் வந்ததும் சுவரில் இருந்த சின்னக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, பஸ் நெரிசலில் குலைந்த முக்காட்டைச் சரிசெய்வாள். வாயில் இரண்டு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே அன்றைக்குப் பஸ்ஸில் நடந்த சண்டையை முழுக்கச் சொல்லிமுடிப்பாள். ஊசி ஒருநாளும் விழுந்ததில்லை. நான் அந்தக் கதைகளுக்காகவே நேரத்தோடு போனேன்.

என் மனம் பாதி அங்கே, பாதி கோயிலில். எங்கள் கோயில் சின்னது. நாற்பது குடும்பம் வரும். நான் பாட்டுக்குழுவில் இருந்தேன். பெரிய குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் நிற்பவரையும் சுதியில் இழுத்துப் பிடித்துவிடுவேன் என்று எனக்கே ஒரு பெருமை. ஆண்டவருக்கு ஊழியம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், ஊழியத்தில் பாதி அந்த வெள்ளைச் சேலையும் முன்வரிசையும்தான்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய வாரம் அது. காலை எட்டு மணி. பரீனா, அன்றைக்கு இரத்தம் எடுக்கும் முறை தன்னுடையது என்று கொப்பியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, புடவைக்கடையில் இறக்கி வைத்திருந்த மருந்துப் பெட்டிகளை எடுக்கக் கீழே போனாள். "ரெண்டு பேர் இருக்காங்க, நீ எடுத்திரு" என்றாள். இரண்டு ஆண்கள். வெறும் வயிற்றோடு, இரத்தத்தில் சீனி பார்க்க வந்தவர்கள். ஒருவரிடம் எடுத்தேன், குழாயைத் தாங்கியில் வைத்தேன். அடுத்தவரிடம் எடுத்தேன், அதையும் பக்கத்தில் வைத்தேன். ஒருவரிடம் எடுத்ததும் அவர் பெயரை எழுதி ஒட்டிவிட்டுத்தான் அடுத்தவரைத் தொடவேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாளே சொன்ன சட்டம். அன்றைக்கு நான் ஒட்டவில்லை. டெலிபோன் அடித்தது. போதகர் ஐயா. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் மூன்றாவது சரணத்தை விடலாமா என்று கேட்டார். விடக்கூடாது என்று நான் ஐந்து நிமிஷம் வாதாடினேன்.

திரும்பி வந்தபோது இரண்டு குழாய்களும் ஒன்றைப்போல் ஒன்று நின்றன.

இடதுபக்கம் இருப்பது முதல் ஆளுடையது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுதான் சரி. தெரியாது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் எதிர்க் கடையில் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். மறுபடி ஊசி குத்தவேண்டும், அவர்கள் கேள்வி கேட்பார்கள், டொக்டர் வந்துவிடுவார், எனக்கு வெட்கம். பேனாவை எடுத்து இரண்டு பெயரையும் எழுதி ஒட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பாவம் எது என்று யாராவது கேட்டால், அந்தப் பேனாவை எடுத்ததைத்தான் சொல்வேன். மற்றவை எல்லாம் அதன் வால்.

முதல் ஆள் தேவதாசன் அண்ணன். எனக்குத் தெரிந்தவர்தான், எங்கள் கோயில்காரர். அம்பிட்டியவிலிருந்து டவுனுக்கு ஓடும் தனியார் பஸ்ஸின் ட்ரைவர். உள்ளங்காலில் ஆணி ஏறிய புண் ஆறவில்லை என்று அவருடைய டொக்டர் சீனி பார்த்துவரச் சொல்லியிருந்தார். எங்கள் அறிக்கையில் சீனி இல்லை என்று வந்தது. அவர் சந்தோஷமாகக் கேக் சாப்பிட்டு, இனிப்பு டீ குடித்து, அந்தக் காலாலேயே பஸ்ஸை மிதித்து ஓட்டினார். இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சீனி உச்சத்தில் இருந்தது. புண் அழுகி எலும்புக்குப் போயிருந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதே வாரம் மற்ற ஆளும் சத்தம் போட்டுக்கொண்டு படியேறி வந்தார். "ரெண்டு மாசமா பாகக்கா தின்னுக்கிட்டு கெடக்கேன், வேற எடத்துல பாத்தா எனக்கு சீனியே இல்லங்கிறான்!" டொக்டர் இரண்டு அறிக்கைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு விளங்க அரை நிமிஷம் போதுமாயிருந்தது. வாசலில் நின்ற எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.  

கொப்பியைப் புரட்டினார். அன்றைய நாளில் பரீனாவின் கையெழுத்து.

"நான் எடுக்கல்ல டொக்டர். நான் கீழ போன. இவதான் எடுத்த" என்றாள் பரீனா, என்னைப் பார்த்து.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். நீரோ எடுத்தனீர்?"

"ஞாபகம் இல்ல சேர்" என்றேன்.

பெரிய பொய் ஒன்றுமில்லை, பார்த்தீர்களா. மூன்று சொல். நான் எடுக்கவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு பல நாள் அதை வைத்துத்தான் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

"இவ கோயில் பிள்ளை, பொய் சொல்லமாட்டா" என்றார் டொக்டர். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம். யார் மீதாவது போட்டு முடிக்கவேண்டியிருந்தது. அன்றைக்குப் பின்னேரமே பரீனாவை நிறுத்திவிட்டார். அவள் அழவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தாள். படியிறங்கினாள். புடவைக்கடைப் பையன்கள் அவளுக்கு வழிவிட்ட சத்தம்கூட எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு தொடங்கிய பயத்தை எப்படிச் சொல்வது. டெலிபோன் அடித்தால் பயம். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் பொலிஸ் என்று பயம். அம்புலன்ஸ் போனால் அதற்குள் தேவதாசன் அண்ணன்தான் என்று பயம். ஒவ்வொரு குழாயிலும் பெயரை எழுதிவிட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். என் கண்ணை நானே நம்பவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவேன். அம்மா, யாரையாவது விரும்புகிறேனோ என்று சந்தேகப்பட்டு, ஒரு சம்பந்தத்தைக் கொண்டுவந்து வைத்தார். அதுவேறு.

ஆனால் இதெல்லாம் பயத்தின் வெளிவாசல்தான். உள்ளே போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் கோயிலில் ஆராதனை முடியும் முன் விண்ணப்ப நேரம் என்று ஒன்று இருக்கும். யாருக்கு என்ன கஷ்டமோ எழுந்து நின்று சொல்லலாம். அன்றைக்குத் தேவதாசன் அண்ணனின் மனைவி ஜெபமணி அக்கா எழுந்தார். புருஷன் வார்ட்டில் கிடக்க, தனியாக வந்திருந்தார். "எங்க வீட்டுக்காரரு கால எடுத்ததுக்குக் காரணமான அந்த முஸ்லிம் புள்ளய நான் மன்னிக்கணும்னு நெனைக்கிறேன். முடியல. அந்தப் புள்ளயும் மனந்திரும்பணும். எல்லாரும் ஜெபிச்சுக்கங்க" என்றார். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்தது.

போதகர் ஐயா பாட்டுக்குழுப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க அதே எடத்துலதானே வேலை செய்றீங்க. நீங்களே ஜெபம் பண்ணுங்க."

எழுந்து நின்றேன். எல்லாரும் தலை குனிந்தார்கள். ஓடிப்போக வாசல் பதினைந்து அடிதான். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், இரண்டு வசனத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாய் திறந்தது. நல்ல பழகிய வாய். பாட்டுக்குழுக் குரலில், தடுக்காமல், நடுங்காமல் ஜெபித்தேன். ஆண்டவரே, அந்தச் சகோதரியின் இருதயத்தைத் தொடும், அவள் தன் தவற்றை உணரும்படி செய்யும், அவளுக்கு மன்னிப்பைத் தாரும் என்றேன். பரீனா என்று பெயரையும் சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

ஆமென் என்றது கோயில் முழுவதும். பின்வரிசையில் யாரோ அழுதார்கள்.

உட்கார்ந்தபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. கேட்கவேயில்லை. அடுத்த பாட்டுக்கு எல்லாரும் வாயசைப்பது தெரிந்தது, சத்தம் இல்லை. ஆண்டவர் என்னை விட்டுப் போய்விட்டார், போகும்போது சத்தத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். அந்த வயதில், அந்த நிலையில், அப்படித்தான் நம்பினேன். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பஸ்ஸின் ஹோர்ன் கேட்டுத்தான் காது திரும்பியது. பயம் போகவில்லை.

அடுத்த வாரம் போதகர் ஐயாவிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் ஊழியத்துக்கு வந்த இளவயதுக்காரர். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. "ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணிட்டீங்கல்ல, அவர் மன்னிச்சிட்டாரு" என்றார். "இத வெளிய சொன்னா அந்தக் குடும்பத்துக்கு இன்னும் வேதன. சபைக்கும் கொழப்பம். விட்டுருங்க. பாட்டுக்குழுவ மட்டும் விட்டுறாதீங்க." அவர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். நான் அழுதேன். மனம் பஞ்சாகிவிட்டது. மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டேன். நான்காம் நாள் காலையில், பரீனா முக்காடு குத்தும் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை சீவப் போனவள், அதில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஆண்டவர் என்னை மன்னித்திருக்கலாம். பரீனா இன்னும் வேலை இல்லாமல்தான் வீட்டில் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை கம்பளைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கெலிஓயாவில் இறங்கி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பரீனாவின் உம்மா கதவைத் திறந்து, "வாங்க மகள், பரீனாட கூட்டாளியா?" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பரீனா வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். அவள் உம்மா, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார். சொல்லவேண்டியதை பஸ்ஸில் பதினைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அங்கே உட்கார்ந்து, வெயிலைப் பற்றியும் பஸ் கூட்டத்தைப் பற்றியும் பேசினேன். இரண்டு துண்டு வட்டிலப்பம் சாப்பிட்டேன். நல்லா இருக்கு என்றேன். எழுந்து வந்துவிட்டேன். இதைவிடக் கேவலமாக ஒரு மனுஷி மனந்திரும்பப் போயிருக்க மாட்டாள்.

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் போனேன். இந்த முறை உட்காரவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன். குழாயை, டெலிபோனை, பேனாவை, "ஞாபகம் இல்ல சேர்" என்றதை. கடைசியாகக் கோயிலில் செய்த ஜெபத்தை. அதைச் சொல்லும்போதுதான் அவள் முகம் மாறியது.

"என்ட பேர செல்லியா?"

"ஆமா."

"எல்லாருக்கும் முன்னுக்கா?"

தலையாட்டினேன். பிறகு, "என்னை மன்னிச்சிரு பரீனா" என்றேன்.

"அத இப்ப கேக்காத" என்றாள். கோபத்தில் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "நீ எடுத்தண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். நான் சென்ன. யாரு கேட்ட? இப்ப எனக்கிட்ட வந்து செல்றதால எனக்கு என்ன? எங்க பொய் சென்னியோ அங்க போய் செல்லு."

அவள் கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை.

திங்கட்கிழமை டொக்டரின் அறைக்குப் போனேன். சொல்லிமுடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன் இப்ப வந்து சொல்லுறீர்?"

"பயமா இருந்துச்சு சேர்."

"இப்ப பயம் இல்லையோ?"

"இப்பவும் பயம்தான் சேர்."

 அன்றைக்கே பரீனாவுக்கு, தவறு அவளுடையது அல்ல என்று கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார். திரும்ப வரும்படியும் கேட்டார். அவள் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதைக் காட்டிக் கம்பளையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். என்னை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் டொக்டர். அது சரிதான்.

இனிக் கோயில். அந்த வாரத்தில் எத்தனை தரம் எனக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று விரும்பினேன் தெரியுமா? வரவில்லை. விண்ணப்ப நேரத்தில் எழுந்து நின்றபோது போதகர் ஐயா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. நான் ஜெபமணி அக்காவை மட்டும் பார்த்தேன். "அக்கா, அண்ணனோட ரத்தத்துக்குப் பேர மாத்தி ஒட்டினது நான். பரீனா இல்ல. நான் அவ பேர சொல்லி ஜெபம் பண்ணினது பொய். பொலிசுக்குப் போறதுன்னா நானே கூட வர்றேன்" என்றேன். இந்த முறை குரல் நடுங்கியது. கேவலமாக, கோழி கரகரப்பதுபோல் வந்தது. யாரும் ஆமென் சொல்லவில்லை. ஜெபமணி அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பாட்டுக்குழுவில் என் இடத்தில் வேறு பிள்ளை நின்றாள். அம்மா கொண்டுவந்த சம்பந்தமும் பேச்சில்லாமல் போயிற்று. என் வரிசையில் சில மாதம் என்னோடு உட்கார்ந்தது என் குடை மட்டும்தான்.

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அம்பிட்டியவுக்குப் போனேன். வீதியிலிருந்து அவர் வீட்டுக்கு மலைச்சரிவில் மண்ணை வெட்டிச் செய்த படிகள். ஏறி முடிக்கும்போது மூச்சு வாங்கும். ஒற்றைக் காலோடு ஒரு மனிதன் இனி இந்தப் படியை எப்படி இறங்குவான் என்று நினைத்தபோது பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து போனேன். ஜெபமணி அக்கா வாசலை மறித்து நின்றார்.

"ஜெபம் பண்ணவா வந்த?"

"இல்லக்கா. தெரியலக்கா."

"ஜெபம் வேணாம்" என்றார். "புண்ணு இன்னும் மூடல. தெனமும் கட்டு மாத்தணும். இவர தூக்கிக்கிட்டு எறங்க எங்கிட்ட ஆள் இல்ல. நீ மருந்து கட்டத் தெரிஞ்சவதானே. நாளைக்குக் காலைல வா."

எங்கள் அப்பா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்தவர். புண் கட்டுவது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனேன். வாசல் கல்லில் ஒரு பேசின் சுடுதண்ணீரும் வெளுத்து மடித்த துணியும் தயாராக இருந்தன. ஜெபமணி அக்கா அடுப்படியில்.  கட்டை அவிழ்த்தபோது கத்தரிக்கோல் கை நழுவிப் பேசினில் விழுந்தது.

தேவதாசன் அண்ணன் மேலே பார்த்துப் படுத்திருந்தார்.  "ஏம்மா," என்றார், "எந்தக் கால்ல கட்டணும்னு பாத்துக் கட்டு. இதையும் மாத்திக் கட்டிறாத."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது. அவர் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, அன்றும் இல்லை, பிறகும் இல்லை. ஆனால் பொலிசுக்குப் போகவும் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதல் மாதங்களில் நான் போனது அன்பினால் அல்ல. இவர் செத்தால் நான் கொலைகாரி, அந்தப் பயம்தான் என்னை ஐந்து மணிக்கு எழுப்பியது. ஆண்டவரோடு பேரம் பேசிக்கொண்டே படியேறுவேன். இன்றைக்கும் வந்துவிட்டேன், பார்த்தீரா, என்பதுபோல. புண்ணைப் பார்ப்பதைவிட, ஆண்டவர் என்னைப் பார்க்கிறாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு முதியோர் இல்லம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். காலையில் இங்கே கட்டு, பிறகு அங்கே கட்டு. கையில் எப்போதும் மருந்து வாசம்.

ஓர் அடைமழைக் காலை. படியில் சேறு. இரண்டு இடத்தில் வழுக்கி, கையூன்றி ஏறினேன். பஞ்சுப் பொதி நனையாமல் இருக்க அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தேன். மேலே போய்க் கட்டை அவிழ்த்தேன். புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. "அண்ணே, மூடுது!" என்று கத்திவிட்டேன். திரும்பி இறங்கும்போதுதான் உறைத்தது, கீழேயிருந்து மேலே போகும்வரை நான் என் பாவத்தைப் பற்றி ஒரு தரம்கூட நினைக்கவில்லை. பஞ்சு நனையுமோ என்பது மட்டும்தான் இருந்தது. பாதிப் படியில் நின்றுவிட்டேன். அப்படி மறந்ததற்கும் பயந்தேன். பிறகு மெல்ல இறங்கிப் போனேன்.

வாசலை மறித்துப் பேசிய அன்றைக்குப் பிறகு ஜெபமணி அக்கா என்னோடு அடுத்த வார்த்தை பேசியது பதினொரு மாதம் கழித்து. "கொடைய உள்ள வை, நனையுது" என்றார். அதற்குப் பிறகும் பெரிய பேச்சு இல்லை. ஆனால் ஒன்று நடந்தது. ஒருநாள் அவர் தனியாகக் கம்பளை பஸ் ஏறி, கெலிஓயாவில் இறங்கி, பரீனாவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். "சபைக்கு நடுவுல அந்தப் புள்ளய பழி சொன்னது நானும்தானே" என்று போயிருக்கிறார். என்னிடம் சொல்லவேயில்லை. மாதங்கள் கழித்துப் பரீனாதான் டெலிபோனில் சொன்னாள். அவள் என்னை அழைத்தது அந்த ஒரு முறைதான்.

"ஒங்கட அந்த அக்கா வந்தாங்க. உம்மாவும் அவங்களும் கட்டிப்பிடிச்சி அழுத."

"நீ?"

"நான் டீ ஊத்தின."

மன்னிப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்காதே என்று சொன்னவளிடம் எப்படிக் கேட்பது. வேலை எப்படி என்று கேட்டேன். நல்லம் என்றாள். வைத்துவிட்டாள்.

கால் ஆறியது. ஆனால் சீனி விடவில்லை. மற்றக் காலில் புண், பிறகு கண், பிறகு சிறுநீரகம். நான்கு வருஷம் அந்தப் படியில் ஏறி இறங்கினேன். கடைசி வருஷம் ஜெபமணி அக்காவும் நானுமாகத்தான் அவரைத் திருப்பிப் போட்டுக் குளிப்பாட்டுவோம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுநாள் காலையும் நான் ஐந்து மணிக்கு எழுந்து, துணியைப் பையில் போட்டுக்கொண்டு, படியின் அடிவரைக்கும் நடந்து போயிருந்தேன். ஏன் போனேன் என்று அங்கே நின்றபோதுதான் யோசித்தேன்.

டொக்டர் ஊருக்குத் திரும்பிப்போய் அங்கேயே காலமானார். அந்த மாடியில் இப்போது கைத்தொலைபேசி திருத்தும் கடை. போதகர் ஐயா வெளிநாடு போய்விட்டார். ஜெபமணி அக்கா மகளோடு கொழும்புக்குப் போய், அங்கே கண்மூடினார். பரீனா கலியாணம் முடித்து வளைகுடாப் பக்கம் போனதாகக் கேள்வி. என்னிடம் இருந்த டெலிபோன் இலக்கம் பாவனையில் இல்லை என்று சிங்களத்தில் ஒரு பெண்குரல் சொல்கிறது. அம்பிட்டிய வீட்டில் யாரும் இல்லாதபோதுதான் அந்தச் சரிவு மழையில் சரிந்தது. போய்ப் பார்த்தேன். படியும் இல்லை, வீடும் இல்லை. செம்மண்ணில் ஒரு பலாமரம் வேர் மேலே தெரியக் கிடந்தது. மண் அள்ளிக்கொண்டிருந்த ஒருவர், "யாரத் தேடுறீங்க அம்மா?" என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன்.

அன்றைக்கு ஒரு புதுப்பயம் பிடித்தது, இனி நான் சொல்வதுதான் நடந்தது என்று ஆகிவிடுமோ என்று. இதை எழுதும்போது இரண்டு இடத்தில் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டி எழுதியிருந்தேன். கண்டுபிடித்து அடித்துவிட்டு, நடந்தபடி திரும்ப எழுதினேன். இன்னும் எங்கேயாவது ஒளிந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. அதை வாசித்து, "இல்ல, அப்படி நடக்கல்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரில் ஒருவரும் மிச்சமில்லை.